சேற்றுக் கையால் விளம்பரத்தைத் தள்ளிவிட முடியாது

காவிரிப் படுகை மக்களுக்கு வீடியோ வழியாகப் பொருள் விற்கும் நிறுவனங்களின் விளம்பரப் பிரிவினருக்கும், அவர்களிடம் பணம் பெற்று வீடியோ எடுத்துப் போடும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

குடவாசல் பக்கத்தில் 19 ஆண்டுகளாக உரக்கடை நடத்தி வருகிறேன். மாமனார் தொடங்கிய கடை. அவருக்குப் பிறகு கல்லாவில் நான் உட்கார்ந்தேன். உங்களில் பலருடைய சரக்கை விற்றுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. விளம்பரமே ஆகாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. கடை வாசலில் தட்டி கட்டி, ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து ஊர் ஊராகக் கூவி விற்றவள்தான் நானும். ஆனால் இந்தச் சில ஆண்டுகளாக நீங்கள் வீடியோ மூலம் எங்கள் மக்களிடம் விற்கிற முறையைப் பார்த்து மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். வயது 67. சொந்தமாக 6 மா, குத்தகைக்கு 3 மா, ஆக ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர் சம்பா நெல். மஞ்சள் பையிலிருந்து வேரும் சேறுமாக இரண்டு குத்துப் பயிரை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் பளபளவென்று இரண்டு பாட்டில்கள், அதில் ஒன்று காலி. "அடித்து எட்டு நாளாகிறது அம்மா, பச்சை திரும்பவே இல்லை" என்றார். இலையை விரித்துப் பார்த்தேன். அடியிலைகளில் துரு தெறித்தது போலப் புள்ளிகள். நடுநரம்பு அடிப்பக்கம் வெளுத்திருந்தது. தண்ணீர் வடியாமல் நிற்கும் வயலில், நட்ட இரண்டு மூன்று வாரத்தில் தலைகாட்டும் துத்தநாகச் சத்துக் குறைபாடு அது. நாங்கள் ஜிங்க் குறைபாடு என்போம். நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து தூவியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. வந்த பிறகு என்றால், 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கரைத்து இலைமேல் தெளிக்க வேண்டும். அவர் வாங்கியிருந்ததோ பயிர் ஊக்கி. பாட்டில் 1,450 ரூபாய். வீடியோவின் முடிவில் சொன்ன எண்ணை அழைத்து வரவழைத்தது.

அந்த ஊக்கி கலப்படம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயிருக்கு அது மருந்து இல்லை, அவ்வளவுதான். "எந்த வீடியோவில் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றுவரை என் காதில் இருக்கிறது. "பார்க்கவில்லை அம்மா, கேட்டேன்."

வரப்பில் அண்டை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். செல்போன் பாலித்தீன் உறைக்குள், சட்டைப்பையில். இலை மஞ்சளாவதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்த வீடியோ ஓடியிருக்கிறது. அதே குரல், அதே நிதானம், அதே வாத்தியார் தோரணை. நடுவில் அந்தக் குரல் பாட்டிலின் பெயரைச் சொல்லிப் புகழ ஆரம்பித்தது. அவருக்கு அது பாடத்தின் தொடர்ச்சி. "இவ்வளவு பொறுமையாக விளக்குகிறவர் ஏன் அம்மா நமக்குத் தப்பாகச் சொல்லப் போகிறார்?" என்று என்னிடமே கேட்டார். அவருடைய செல்போனை வாங்கி அந்த வீடியோவை மேசைமேல் வைத்து ஓட்டினேன். தொடக்கத்தில் ஒரு மூலையில், ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில், இது பணம் பெற்ற விளம்பரம் உள்ள வீடியோ என்று ஒரு வரி வந்தது. சில நொடிகளில் போய்விட்டது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கண்ணாடி வீட்டில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, செல்போன் அவர் கண்முன் இல்லவே இல்லை.

பேசுகிறவரே நடுவில் புகழ்வது ஒரு வகை; வீடியோவுக்கு இடையில் தனியாக ஓடும் விளம்பரம் இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகையில், உங்கள் அலுவலகத்துக்கு வரும் கணக்கில் அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் எப்படித் தெரிவார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். யூடியூபில் 2010 கடைசியிலிருந்து, 5 நொடிக்குப் பிறகு தள்ளிவிடக்கூடிய (ஸ்கிப் செய்யக்கூடிய) விளம்பரங்கள் வருகின்றன. பார்வைக்குக் காசு என்ற கணக்கில் ஓடும் விளம்பரத்தில், 30 நொடி ஓடினால், அல்லது அதைவிடச் சிறியதானால் முழுவதும் ஓடினால், அது ஒரு பார்வை. அதற்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். தள்ளாமல் விட்டவர் விரும்பிப் பார்த்தவர் என்பது அதன் கருத்து. பட்டணத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இது பொருந்தலாம். எங்கள் ஊரில் தள்ளாமல் விடுவதற்குக் காரணம் வேறு. நாற்றுப் பறிக்கிறவளின் கை சேற்றில் இருக்கிறது. மாவு அரைக்கிறவளின் கை கிரைண்டரில் இருக்கிறது. மாட்டுக்குத் தவிடு கரைக்கிறவரின் கை வாளிக்குள் இருக்கிறது. என் மாமியாருக்குத் தள்ளும் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரியாத இடத்தில் கை பட்டு ஏதாவது கெட்டுவிடுமோ என்ற பயம் வேறு. இவர்கள் எல்லோரும் உங்கள் விளம்பரத்தை முழுக்க ஓடவிடுகிறார்கள். நடுத்தர வயதுக்கு மேற்பட்ட கிராமத்து மக்கள் நம் விளம்பரத்தை ரசிக்கிறார்கள் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அதை நம்பி அடுத்த போகத்துக்கு அவர்கள் பக்கமே இன்னும் அதிகமாக அனுப்புகிறீர்கள். என் கல்லூரி மகன் கட்டை விரலால் 5 நொடியில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறான். ஆகக்கூடி, தப்பிக்கத் தெரிந்தவனை விட்டுவிட்டு, தப்பிக்க முடியாதவர் தலையில்தான் விளம்பரம் கொட்டுகிறது.

உங்கள் வயதுக் கட்டங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி மடிக்கணினியைத் திறந்து காட்டினார்: 18 முதல் 24, 25 முதல் 34 என்று ஏறிக்கொண்டே போய், 55 முதல் 64, 65க்கு மேல், கடைசியில் வயது தெரியாதவர். பார்க்க ஒழுங்காக இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் செல்போனை அந்தக் கட்டத்தில் எங்கே வைப்பீர்கள்? கணக்கு என் கணவர் பெயரில், வயது 49. விடியற்காலை அதில் திருப்பாவை கேட்பது என் மாமியார்; வயது 74. பகலெல்லாம் சமையலறையில் அது என்னோடு. பள்ளி விட்டு வந்ததும் 11 வயது மகள் கைக்குப் போகிறது. இரவு எட்டு மணிக்குத்தான் கணவர் கைக்கு வரும். அவர் பார்ப்பதோ மேட்டூர் அணை நீர்மட்டமும் அரசியல் விவாதமும். இயந்திரம் இந்த நால்வரையும் ஒரே ஆளாகப் பிடித்து வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் நடப்பு.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். சொல்கிறேன்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 2023ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் எங்கள் வீட்டு செல்போனுக்கு என் மகள் 49 வயது ஆண். களைக்கொல்லியும் கடன் செயலியும் கோலம் போடும் வீடியோவுக்கு நடுவில் அவளுக்கு வருகின்றன. சென்ற மாதம் அவள் கடைக்கு வந்து, சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு பாட்டிலைக் காட்டி, "அம்மா, இது எனக்குத் தெரியும், இதற்கு ஒரு பாட்டு இருக்கிறது" என்று பாடிக் காட்டினாள். சிவப்பு முக்கோணம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிகக் கொடிய நஞ்சு. நான்கு வண்ணங்களில் முதலாவது. அந்தப் பாட்டு இனிமையாக இருந்தது. குழந்தை மனப்பாடம் செய்யும்படி இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாமியாரின் கதை இன்னும் கனமானது. அவருக்கு 15 ஆண்டுகளாகச் சர்க்கரை. விடியற்காலை பாசுரம், பிறகு ஒரு சொற்பொழிவு, பிறகு எந்தக் கோயிலிலாவது நடக்கும் புறப்பாடு. இந்த வரிசைக்கு நடுவில், நெற்றி நிறையத் திருமண்ணோடு ஒருவர் வந்து, மாத்திரையைத் தூக்கி எறியுங்கள், இந்தப் பொடி போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதக் கடைசியில் மாத்திரைப் பெட்டியைத் துடைத்து வைக்கும்போது பார்த்தேன். தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் 11 மாத்திரைகள் மீதம் இருந்தன. கேட்டால், முதலில் மறந்துவிட்டது என்றார், பிறகு அழுதார். "சுவாமி பேசுகிற இடத்தில் வந்து சொல்கிறாரே, பொய்யாக இருக்குமா?" சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது, 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படியே குற்றம். நான் பிறப்பதற்கு முன்பே வந்த சட்டம். செய்தித்தாளில் அப்படி அச்சிட யோசிப்பவர்கள், ஒரு கிழவியின் காதுக்குள் மட்டும் விழும்படி அதைத் தயங்காமல் சொல்கிறார்கள். ஏனென்றால் அடுத்த வீட்டுக்காரர் கேட்பதில்லை, டாக்டர் கேட்பதில்லை, நான் கேட்பதில்லை. தட்டி கட்டிய விளம்பரத்தை ஊரே பார்க்கும். தப்பாக இருந்தால் டீக்கடையில் நாலு பேர் கேட்பார்கள். செல்போன் விளம்பரம் அவரவர் காதோடு முடிந்துவிடுகிறது.

இளைஞர்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அவர்கள் ரீல்ஸும் ஷார்ட்ஸும் பார்க்கிறார்கள், கீழே உள்ள கருத்துகளைப் படிக்கிறார்கள், நான்கு இடத்தில் விலை பார்க்கிறார்கள், ஏமாந்தால் நண்பர்களிடம் சொல்லித் திட்டுகிறார்கள். அவர்களுக்கும் ஆபத்து உண்டு. ஆனால் என் கவலை அவர்களைவிட, அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, எடை போடத் தங்கள் முறை வரும்வரை குவியலுக்குக் காவலாகத் தார்ப்பாய்க்கு அடியில் இரவு முழுக்கப் படுத்திருக்கிற அவர்களுடைய அப்பாக்களைப் பற்றியது. நெல்லின் ஈரப்பதம் கொள்முதலுக்கான 17 சதவீத வரம்பைத் தாண்டிவிடுமோ என்று பயந்துகொண்டு, தூக்கம் வராமல் செல்போனைப் பார்க்கும் மனிதனிடம் நள்ளிரவில் எதையும் விற்கலாம். அந்த நேரத்தில் விற்காதீர்கள் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வருகிறது.

எங்கள் மண் விளம்பரத்துக்கும் புதுமைக்கும் எப்போதும் கதவடைத்த மண் இல்லை. 1960களில் ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் வந்தது. அதைப் பற்றி வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் எங்கள் வீடுகளில் ஒரு ஆள் மாதிரி. என் மாமனார் டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர். எப்போது விதைப்பது, எத்தனை நாள் நாற்று, எவ்வளவு உரம் என்று கேட்டுக்கொண்டு போய் அப்படியே செய்தார்கள். அந்த நெல்லுக்கு உழவர்கள் வைத்த பெயர் ரேடியோ நெல். ஒரு ஊடகத்தின் பெயரையே நெல்லுக்கு வைக்கிற அளவுக்கு நம்பினார்கள். அந்தக் குரலுக்குப் பின்னால் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இருந்தது, வட்டாரத்தில் கிராம சேவகர் இருந்தார். தப்பாகப் போனால் போய்க் கேட்க ஒரு வாசல் இருந்தது. மாமனார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பார்: "ரேடியோவில் சொன்னவன் மறுவாரம் வயலுக்கும் வந்தான்." அந்த நம்பிக்கையின் மிச்சத்தைத்தான் 67 வயதுப் பெரியவர் உங்கள் வீடியோவிடம் கொடுத்தார். அது நீங்கள் சம்பாதித்தது இல்லை. அவருடைய அப்பா காலத்தில் வேறு யாரோ உழைத்துச் சேர்த்து வைத்தது.

உங்கள் விளம்பரங்களுக்கு எங்கள் பருவம்கூடத் தெரியவில்லை. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பு என்று யாரோ அட்டவணையில் எழுதி வைத்துவிட்டார்கள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் நடுவில், வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது, பம்பு செட் இல்லாதவர்கள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, "நடவு முடிந்ததா? இனிக் களையைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்று ஒரு சிரித்த முகம் என் செல்போனில் வந்தது. கடையில் பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வீடியோவால் நல்லது நடக்காது என்று நான் நினைத்தால் இவ்வளவு எழுத மாட்டேன். எங்கள் பகுதி இளைஞர் ஒருவர் மூன்று போகத்துக்கு முன், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். எடுத்தவுடன் தேதியைச் சொன்னார், ஊரைச் சொன்னார், ரகம் சி.ஆர். 1009 என்றார், நட்டு எத்தனை நாள் என்றார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் தூர்களை விலக்கிக் காட்டினார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில், பழுப்பாகப் பூச்சி அப்பிக்கொண்டிருந்தது. இலை நுனியையே பார்த்துவிட்டு வரப்போடு திரும்பி விடுகிறவர்கள் கண்ணில் அது படவே படாது. தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், அடுத்த முறை நடும்போது 8 அடிக்கு 1 அடி இடைவெளியாகப் பட்டம் விடுங்கள், பூச்சியைத் தின்னும் சிலந்தி நிறைய இருந்தால் மருந்துக்கு அவசரப்படாதீர்கள் என்றார். எல்லாவற்றையும் வாயாலும் சொன்னார், சட்டைப்பையில் வைத்துக் கேட்கிறவனுக்கும் புரியும்படி. அதை நடவாள் பெண்கள் பார்த்தார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் பார்த்தார், பத்தாம் வகுப்புப் பையன் பார்த்துத் தாத்தாவை வயலுக்கு இழுத்துக்கொண்டு போனான். அந்த வாரம் என் கடையில் மருந்து விற்பனை குறைந்தது உண்மை. ஆனால் அந்த வீடியோவை நான் என் கடை வாட்ஸ்ஆப்பில் பகிர்ந்ததற்காகவே, அடுத்த போகத்தில் விதைக்கும் அடியுரத்துக்கும் இருபது பேராவது புதிதாக என்னிடம் வந்தார்கள். எல்லா வயதையும் ஒரே வீடியோவால் சேர்த்துப் பிடிக்க முடியும் என்பதற்கு நான் கண்ணால் கண்ட சாட்சி அதுதான். அப்படி ஒன்று எடுக்க உங்களிடம் பணமும் ஆளும் அந்த இளைஞரைவிட நூறு மடங்கு இருக்கின்றன.

எனவே கேட்கிறேன். விளம்பரம் என்றால் விளம்பரம் என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பொருளின் பெயர் வருவதற்கு முன்பே. இது என் ஆசை மட்டும் இல்லை. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, வீடியோ என்றால் எழுத்தில் காட்டுவதோடு ஒலியிலும் சொல்ல வேண்டும், வீடியோ எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதை எழுதியவர்கள் எங்கள் பெரியவரைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் அவருக்காகவே எழுதியது போல இருக்கிறது. வீடியோ எடுக்கும் தம்பி தங்கைகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. பொருளைப் பரிந்துரைத்தவர் முதல் முறை ஓராண்டு வரை, மறுபடியும் செய்தால் மூன்றாண்டு வரை எந்த விளம்பரத்திலும் தோன்ற முடியாமல் போகலாம். நிறுவனம் கொடுத்த தாளைப் படித்தேன் என்பது அப்போது உங்களைக் காப்பாற்றாது. பாட்டிலின் லேபிளில் இந்தப் பயிருக்கு, இந்தப் பூச்சிக்கு, இந்த அளவு என்று எழுதியிருப்பதைத் தாண்டி ஒரு சொல்கூடச் சொல்லாதீர்கள். எந்த ஊர் வயலில், எந்த மாதத்தில், எந்த ரகத்தில் எடுத்த வீடியோ என்பதைச் சொல்லுங்கள். எங்கள் களிமண்ணுக்குச் செம்மண் பூமியின் வைத்தியம் ஒத்துவராது. பக்தி வீடியோவுக்கும் பிள்ளைகள் பார்க்கும் வீடியோவுக்கும் நடுவில் நஞ்சையும் நோய் மருந்தையும் கொண்டுவராதீர்கள். அந்த இடங்களை விலக்கி வைக்கிற வசதி உங்கள் திரையிலேயே இருக்கிறது. அந்தப் பிரதிநிதியே எனக்குக் காட்டினார். முடிவில் ஆர்டர் எண் மட்டும் போதாது. பயிர் திரும்பாவிட்டால் எடுத்துப் பேசுகிற, வயலுக்கு வந்து பார்க்கிற ஒருவரின் எண்ணும் வேண்டும்.

அந்தப் பெரியவரின் பயிர், ஜிங்க் தெளித்துப் பன்னிரண்டு நாளில் தேறியது. தையில் அறுத்தார். அந்த வீடியோவில் சொன்ன எண்ணை அவர் பெயரில் நான் நான்கு முறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் எத்தனை பாட்டில் வேண்டும் என்று கேட்டார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். "விடு அம்மா, என் புத்திதான்" என்றார். தவறு தன்னுடையது என்று அவர் நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களில் யாராவது ஒருவர் வரும் ஐப்பசியில் எங்கள் ஊருக்கு வாருங்கள். நீங்கள் எடுத்த விளம்பரங்களை எல்லாம் ஒரு செல்போனில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். நடவு நடக்கும் வயலுக்கு நானே அழைத்துப் போகிறேன். செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒரு மணி நேரம் எங்கள் பெண்களோடு நடுங்கள். விளம்பரம் ஓடட்டும். கரையேறிக் கை கழுவிய பிறகு, எது பாடம், எது விளம்பரம் என்று கேட்கும்போதே உங்களால் பிரிக்க முடிந்ததா என்று எனக்குச் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

அன்புடன்,
குடவாசல் பக்கத்து உரக்கடைக்காரி